இரவுப் பட்டியல் போடும் மகளுக்கு

கேள்வி:

டாக்டர் ஆன்ட்டி,

நான் தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த ஓர் அரசு மருத்துவமனையில் இரண்டாம் ஆண்டுப் பயிற்சி மருத்துவர். கூட வேலை செய்யும் ஒருவரை எட்டு மாதமாக மனத்துக்குள் விரும்புகிறேன். அவரும் தமிழர்தான், பீட்டர்மாரிட்ஸ்பர்க்காரர். அவருக்கு இது தெரியாது. எங்கள் குழுவில் இன்னொரு பயிற்சி மருத்துவர் இருக்கிறாள். ஜூலு இனப் பெண். யாருக்கும் அகப்படாத ரத்தக்குழாய் அவள் ஊசிக்கு அகப்படும். நோயாளிகள் அவளைத்தான் தேடுகிறார்கள். அவரும் அவளோடுதான் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார். அவள் ஜூலு, அவர் தமிழர், அது எங்கே நடக்கப்போகிறது என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

இரவுப் பணிப் பட்டியல் போடுவது என் பொறுப்பு. மார்ச்சிலிருந்து அவர்கள் இருவரும் ஒரே இரவில் வராதபடி பார்த்துக்கொண்டேன். அவரை என்னோடு போட்டால் மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து, அவளை என்னோடு போட்டுக்கொண்டேன்.

சென்ற வாரம் நள்ளிரவில் வார்டை அவளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வுக்குப் போகும்போது, ஒரு நோயாளியின் பொட்டாசியம் 6.9 என்று ஆய்வகத்திலிருந்து வந்த செய்தியைச் சொல்லாமல் விட்டேன். மறந்து அல்ல. காலை ரவுண்டில் அவள் திட்டு வாங்கட்டும் என்று. இருபது நிமிடம் கழித்துப் பயந்து எழுந்து ஓடினேன். அவள் தானே கணினியில் பார்த்து மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு எனக்கும் சேர்த்து டீ போட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு, பயிற்சிக்குப் பிறகான கட்டாயச் சமூகச் சேவைக்கு மூவரும் ஒரே மருத்துவமனையை முதல் விருப்பமாகக் கேட்கப்போகிறோம். நான் கெட்டவளா? அவரிடம் சொல்லலாமா? அவளிடம் என்ன சொல்வது? அம்மா இந்தப் பகுதியை வாரந்தோறும் சத்தமாக வாசிப்பார். என் பெயர் வேண்டாம்.

பதில்:

மகளே,

உங்கள் கடிதத்தின் நடுப்பகுதியில் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். இரண்டு பேரைப் பிரித்து வைக்க நான்கு மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறீர்கள். பலன் என்ன? அவர் வீட்டில் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். நீங்களும் அவளும் விடிய விடிய ஒரே அறையில் விழித்திருக்கிறீர்கள். இதை நாடகமாகப் போட்டால் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். (மருத்துவமனைக்கு வெளியே இருப்பவர்களுக்கு: இரவுப் பணியை இங்கே ‘கால்’ என்போம். ஆங்கிலச் சொல்தான். ஆனால் ஒரு காலையில் தொடங்கி மறுநாள் காலை தாண்டியும் நின்றபடியே இருப்பதால் தமிழில் கேட்டாலும் பொருந்தும்.)

பொறாமை எனக்குத் தெரியாத நோய் என்று நினைக்க வேண்டாம். நான் பயிற்சியில் இருந்தபோது, கண்ணின் உட்பகுதியைப் பார்க்கும் கருவி எங்கள் வார்டில் ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்யும். என்னைவிடக் கெட்டிக்காரரான ஒருவர் ரவுண்டில் அதை எடுத்துப் பார்த்து, பேராசிரியர் கேட்பதற்கு முன்பே பதிலைச் சொல்லிவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அந்தக் கருவியை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். திங்கட்கிழமை பேராசிரியர் என் பக்கம் திரும்பி, “இன்றைக்கு நீங்கள் பாருங்கள்” என்றார். பெருமையோடு போய் எடுத்து வந்தேன். விளக்கை அணைக்காமல் பூட்டியிருக்கிறேன், பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அந்தக் கெட்டிக்காரர்தான் தன் டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தந்தார். இன்று எனக்கு ரத்த அழுத்த மாத்திரை எழுதித் தருபவர் அவரே. கருவி இரண்டு நாள் எங்கே போயிருந்தது என்று அவர் இதுவரை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவர் இந்தப் பகுதியை வாசிப்பதில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் நான் பூட்டி வைத்தது ஒரு கருவி. நீங்கள் பூட்டி வைத்தது பொட்டாசியம் 6.9. அங்கே என் சிரிப்பு நின்றுவிட்டது.

உங்கள் கடிதத்தை இன்னொரு முறை எடுத்து வாசித்துப் பாருங்கள். அவருக்கு ஓர் ஊர் இருக்கிறது. அவளுக்கு ஒரு கைராசி இருக்கிறது. உங்கள் அம்மாவுக்குக்கூட ஒரு குரல் இருக்கிறது. அந்த நோயாளிக்கு மட்டும் ஒன்றும் இல்லை. ஆணா பெண்ணா, வயது என்ன, சிறுநீரகம் கெட்டுப்போனவரா, அன்றிரவு பிழைத்தாரா, எதுவும் இல்லை. ஓர் எண்ணாக வந்து ஓர் எண்ணாகப் போய்விட்டார். “நான் கெட்டவளா” என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில், இல்லை என்பதே. ஆனால் பொறாமை உங்கள் கண்ணை எங்கே மறைத்திருக்கிறது என்று கேட்டால், இதோ இந்த இடத்தில்.

வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருந்தால் இயல்பு. அது 7-ஐ நெருங்கும்போது இதயத்தின் தாளம் குலையத் தொடங்கலாம். இசிஜி தாளில் ஓர் அலை கூடாரம்போலக் கூராக எழும். அதன் பிறகு இதயம் எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிலருக்கு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நின்றுவிடும். கால்சியம் ஊசி இதயத்துக்குச் சற்று நேரம் காவல் நிற்கும். இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்துக் கொடுத்தால் பொட்டாசியம் ரத்தத்திலிருந்து செல்களுக்குள் நகரும். அவள் அன்றிரவு செய்துகொண்டிருந்தது அநேகமாக இதைத்தான். இருபது நிமிடம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தை நோயாளியின் பக்கம் நின்று அளந்து பாருங்கள்.

ஆகவே முதல் வேலை காதல் அல்ல. அவளைத் தனியே பார்த்து, “அந்தப் பொட்டாசியம் செய்தி எனக்கு வந்திருந்தது, வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன், மன்னித்துக்கொள்” என்று சொல்லுங்கள். ‘களைப்பு’, ‘கவனக்குறைவு’ என்று சர்க்கரை தடவ வேண்டாம். அவள் கேட்காமல் டீ போட்டாள் என்பதால் அவளுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஆய்வகம் ஒரு முடிவைத் தொலைபேசியில் சொன்னால், யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று அங்கே குறித்து வைப்பார்கள்; இது உங்களைப் போலவே அவளுக்கும் தெரியும். காரணத்தை, அதாவது அவரை, அந்தப் பேச்சில் இழுப்பதும் இழுக்காததும் உங்கள் விருப்பம். நானாக இருந்தால் முதல் நாள் இழுக்க மாட்டேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் உங்கள் மனப்பாரத்தையும் சேர்த்து அவள் மடியில் இறக்கி வைப்பது நியாயம் இல்லை.

அடுத்து, பயிற்சி மருத்துவர்களுக்குப் பொறுப்பான மூத்த மருத்துவரிடம், க்யூரேட்டர் என்று நாம் அழைப்பவரிடம், நீங்களே போய்ச் சொல்லுங்கள். விளைவு ஒன்றும் இருக்காது என்று பொய் சொல்ல மாட்டேன், இருக்கலாம். நானும் பல ஆண்டுகள் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவள். தானாக வந்து “தவறு செய்தேன்” என்று அழுத இளைஞர்களின் முகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அவர்களில் பலரை இன்று நான் நம்பி நோயாளிகளை அனுப்புகிறேன். மற்றவர் வாயால் தெரியவந்தவர்களைப் பற்றி அதே உறுதியோடு சொல்ல முடியாது.

பட்டியலை இந்த வாரமே வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். “இத்தனை மாதம் நான் போட்டேன், இனி நீங்கள் போடுங்கள்” என்றால் போதும், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். கேட்டால், பட்டியல் போடுபவர் வாங்கும் ஏச்சைச் சொல்லுங்கள், அதுவும் உண்மைதான். இரவுப் பணியை மாற்றிக்கொள்வது மருத்துவமனையில் அன்றாடம் நடப்பது, பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் வேலியாக நிற்க வேண்டியவர் பயிரை மேய்ந்தால், யாருக்கு எத்தனை சனி ஞாயிறு போனது என்று ஒரு நாள் யாராவது எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணினால் நீங்கள் வசமாக மாட்டுவீர்கள்.

சரி, அவருக்கு வருவோம்.

நம் மொழியில் ஊடல் என்று ஓர் அழகான சொல் இருக்கிறது. காதலர் இருவருக்குள் வரும் செல்லக் கோபம். அதற்கு முதலில் காதலர் இருவர் வேண்டும். உங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு முன்பே மறுவீடு நடந்துகொண்டிருக்கிறது: அவர் ஒரு வார்த்தை அறியாமல், நான்கு மாதமாக அவரோடு ஊடியிருக்கிறீர்கள். பாவம், அந்த மனிதர் தான் ஏன் எப்போதும் செவ்வாய்க்கிழமை இரவு வருகிறோம் என்றுகூட யோசித்திருக்க மாட்டார்.

சொல்லிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. ஆனால் எப்போது என்பதில் நான் கண்டிப்பானவள். கால் முடிந்த காலையில் வேண்டாம். இந்நாட்டில் பயிற்சி மருத்துவர் தொடர்ந்து பணியில் இருக்கக்கூடிய உச்சவரம்பு 26 மணி நேரம். 24 மணி வேலை, மிச்சம் ஒப்படைப்புக்கு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவருடையதைப் போலக் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் சாதாரண ஓட்டுநருக்குச் சட்டம் போட்டிருக்கும் எல்லை அதே 0.05தான். கார் ஓட்டவே தகுதியில்லாத தலையோடு ஒருவரிடம் காதலைச் சொல்லப் போகக் கூடாது. அதிகாலை மூன்று மணிக்கு அவள் சிரித்த சிரிப்பு உங்கள் காதில் எப்படி விழுந்ததோ, அதில் பாதியாவது தூக்கமின்மையின் வேலை.

நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு விடுமுறை நாளில் அவரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். கடற்கரைப் பக்கம் கால்வாசி ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறியோ ஆட்டுக்கறியோ ஊற்றித் தரும் கடைகளுக்குப் பஞ்சம் இல்லை. (அந்தப் பண்டத்தின் பெயர் பன்னி சௌ. தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நீங்கள் நினைக்கும் விலங்கு அதில் இல்லை.) கையில் குழம்பு வழிய உட்கார்ந்திருக்கும்போது யாராலும் மிகையாகப் பேச முடியாது, அதுவும் ஒரு வசதி. “எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது, உங்களுக்கு எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும்” என்று கேளுங்கள். அவர் இல்லை என்று சொல்லலாம். அவளைப் பிடித்திருக்கிறது என்றும் சொல்லலாம்.

இந்த இடத்தில் உங்கள் வரி ஒன்றைத் திருப்பித் தருகிறேன்: “அவள் ஜூலு, அவர் தமிழர், அது எங்கே நடக்கப்போகிறது.” இதை மட்டும் நான் சிரிக்காமல் இரண்டு முறை வாசித்தேன். 1949-ல் இந்நாட்டில் கலப்புமணத் தடைச் சட்டம் வந்தது. வெள்ளையருக்கும் மற்றவருக்கும் இடையே மணமே கூடாது என்றது அது. மணம் இல்லாத உறவையும் வேறொரு சட்டம் குற்றமாக்கி வைத்திருந்தது. இரண்டு தடைகளும் 1985-ல்தான் நீங்கின. ஒரே வார்டில் வேலை செய்து, ஒரே உணவறையில் உட்காரவும் முடியாமல் பார்வையாலேயே பேசிக்கொண்டவர்களை எங்கள் தலைமுறை பார்த்திருக்கிறது. ஜூலுவுக்கும் தமிழருக்கும் இடையே அந்தச் சட்டம் வரவில்லை என்பது சரி. ஆனால் யார் யாரோடு சேர முடியாது என்று பிறப்பை வைத்துக் கணக்கிட்டு நிம்மதி தேடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். அந்த நிம்மதி உங்களுக்கு வேண்டாம். அவர் அவளைத் தேர்ந்தால் வலிக்கட்டும். வலி மரியாதையான விஷயம்.

உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி எனக்குத் தெரியவருவது மிகக் குறைவு. பீட்டர்மாரிட்ஸ்பர்க், சிரிப்பு, அவ்வளவுதான். அவளைப் பற்றித்தான் விரல் நுனி வரை எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அவர் வேண்டும் என்பது ஒன்று. அவளாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் உங்களைத் தூங்க விடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அது தீராத நோய் இல்லை. ஊசி போடும் கை பழக்கத்தில் வருவது. “எப்படிச் செய்கிறாய், காட்டு” என்று கேட்டால் காட்டாத மருத்துவரை நான் பார்த்ததில்லை. நோயாளிகள் அவளைத் தேடுவதற்கும் மந்திரம் ஒன்றும் இல்லை. “குபுஹ்லுங்கு குபி?” எங்கே வலிக்கிறது என்று ஒரு பாட்டியிடம் அவர் மொழியில் கேட்கிறாள், பதிலையும் முழுதாகக் காத்திருந்து கேட்கிறாள். நீங்கள் மருத்துவக் கல்லூரியில் தேர்வுக்காகப் படித்த ஜூலு, தேர்வோடு போய்விட்டதா? நம் ஆட்கள் 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பலில் வந்து இறங்கிய கரை இது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் பக்கத்து வீட்டு மொழியில் வலியைக் கேட்கத் தடுமாறுகிறோம் என்றால் வெட்கம் உங்களுக்கு மட்டும் இல்லை, எனக்கும்தான். ஜூலு வணக்கம் ‘சாவுபோனா’. தமிழ்க் காதில் அபசகுனமாக விழும். பொருள் என்னவோ, ‘உன்னைப் பார்க்கிறோம்’ என்பது. அவளோடு இன்னும் சில மாத இரவுகள் இருக்கின்றன. இதைவிட மலிவாக ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

அடுத்த ஆண்டு இடத்துக்கான போட்டியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இரண்டு ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு ஓராண்டுச் சமூகச் சேவை என்பது மருத்துவர்களுக்கு 1998-லிருந்து கட்டாயம். விருப்பங்களை வரிசைப்படுத்தி விண்ணப்பிக்கிறோம். இடத்தை ஒதுக்குவது சுகாதாரத் துறை. காலை ரவுண்டில் யார் திட்டு வாங்கினார் என்று அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. அவள் திட்டு வாங்கியிருந்தாலும் உங்கள் இடம் ஓர் அங்குலம் நகர்ந்திருக்காது. ஜனவரியில் உங்களில் ஒருவர் வடக்கு கேப்பிலும், ஒருவர் லிம்போப்போவிலும், மூன்றாமவர் இங்கேயும் இருக்கலாம். நீங்கள் நான்கு மாதம் பாடுபட்ட வேலையை அரசாங்கமே இலவசமாகச் செய்து தரும்.

போட்டி என்றதும் நம் நாட்டின் புகழ்பெற்ற கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனின் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கிறிஸ்டியன் பர்னார்ட் ஒரு மனித இதயத்தை இன்னொரு மனிதருக்குப் பொருத்தினார். அந்த நோயாளி, லூயிஸ் வாஷ்கான்ஸ்கி, 18 நாள் வாழ்ந்தார். அமெரிக்காவில் நார்மன் ஷம்வே ஆண்டுக்கணக்காக நாய்களில் செய்து செப்பனிட்டு வைத்திருந்த அறுவை முறை அது. இருவரும் ஒரு காலத்தில் மின்னசோட்டாவில் ஒரே இடத்தில் பயின்றவர்கள். ஷம்வேக்கு வாய்ப்பு வந்தது 1968 ஜனவரி 6 அன்று. ஒரு மாதம் பிந்திவிட்டார். உலகெங்கும் அறுவை மருத்துவர்கள் முண்டியடித்தார்கள். அந்த ஒரே ஆண்டில் நூறுக்கும் மேற்பட்ட இதய மாற்றுகள் நடந்தன. பெரும்பாலான நோயாளிகள் சில மாதங்கள்கூடத் தாங்கவில்லை. பல குழுக்கள் சத்தமில்லாமல் கைவிட்டன. முந்தப்பட்ட ஷம்வே விடவில்லை. உடல் புதிய இதயத்தை எப்போது வெறுக்கத் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க, 1970-களில் அவருடைய குழு இதயத்தசையில் ஒரு துளி எடுத்துப் பார்க்கும் வழியை உருவாக்கியது. அவருக்குப் பொறாமை இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு இருந்திருக்கும். அதை அவர் எந்த மேசையில் செலவழித்தார் என்பதுதான் எனக்கு ஆர்வம்.

கடைசியாக ஒரு சின்னக் கொசுறு. உலக மருத்துவச் சங்கம் 1948-ல் ஜெனீவாவில் வகுத்த மருத்துவர் உறுதிமொழியில், சக மருத்துவர்கள் என் சகோதரர்கள் என்று ஒரு வரி இருந்தது. 2017-ல் திருத்தியபோது அதை எடுத்துவிட்டு, அவர்களுக்கு உரிய மரியாதையையும் நன்றியையும் தருவேன் என்று மாற்றினார்கள். அவர் விஷயத்தில் இந்தத் திருத்தம் உங்களுக்கு வசதிதான். அவள் விஷயத்தில் பழைய வரி, புது வரி இரண்டுமே கடன்.

இனி, இதைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. அம்மா, இதை எழுதியது உங்கள் மகள் என்று நான் சொல்லவில்லை. டர்பன் வட்டாரத்தில் பட்டியல் போடும் பெண் பிள்ளைகள் நிறையப் பேர். எப்படியிருந்தாலும், உங்கள் வீட்டு டாக்டர் அடுத்த முறை காலுக்குப் போகும்போது ரோட்டியை இரண்டு பேருக்குப் போதுமான அளவு கட்டிக்கொடுங்கள். ஆடியில் கோயிலில் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை, இரவு முழுக்க அவளோடு விழித்திருக்கும் அந்தப் பெண்ணையும் கூப்பிடச் சொல்லுங்கள். காரம் கொஞ்சம் குறைத்துப் போடலாமா என்று கேட்க வேண்டாம். டர்பனில் வளர்ந்தவள், உங்களைவிட அதிகம் சாப்பிடுவாள்.